தாத்தாவின் ரிப்பன் பட்டி: மூன்றாவது ரிப்பன் பரம்வீர் சக்ராவா?

குப்பத்துப் பேரன்:
வணக்கம். என் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர், இப்போது உயிருடன் இல்லை. போன வாரம் பரணிலிருந்த டிரங்குப் பெட்டியில் மெடலுக்குப் பதிலாகச் சட்டையில் குத்தும் ரிப்பன் பட்டி ஒன்று கிடைத்தது. மெடல் எதுவும் இல்லை. பார்ப்பவருக்கு இடமிருந்து வலமாக மூன்று ரிப்பன்கள். முதலாவது சிவப்பில் பச்சைக் கோடுகள். அடுத்தது ஆரஞ்சு, நடுவே சிவப்பு, கருநீலம், வெளிர்நீலக் கோடுகள். மூன்றாவது வெளுத்துப்போய் ஒரே ஊதாவாகத் தெரிகிறது. "பரம்வீர் சக்ராவுக்கு ஊதா ரிப்பன்தான்டா" என்று பெரியப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். வங்காளதேசப் போரில் தாத்தா பாலம் போட்டார் என்பது எங்கள் வீட்டுக் கதை. ஷாம்பூ போட்டுக் கழுவினால் நிறம் தெளியுமா?

ஓய்வு ஹவில்தார், குடியாத்தம்:
தம்பி, தண்ணீர் காட்டிவிடாதீர்கள். பழைய சாயம் ஒன்றின்மேல் ஒன்று இறங்கி, மூன்றும் கெட்டுவிடும். பட்டியைத் திருப்பிப் பாருங்கள். ரிப்பனைப் பின்பக்கம் மடித்துத் தைத்திருப்பார்கள். வெயில் படாத அந்த மடிப்பில் அசல் நிறம் இருக்கும்.

போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ராவுக்கு ஊதா என்பது சரிதான். ஆனால் அது இதுவரை 21 பேருக்குத்தான் கிடைத்திருக்கிறது, எல்லோருடைய பெயரும் ஊரறிந்தது. தவிர, உயர்ந்த விருது அணிபவரின் வலப்பக்கம், அதாவது பொத்தான் பக்கம், முதலில் வரும். கடைசியில் போய் உட்காராது.

குப்பத்துப் பேரன்:
திருப்பிப் பார்த்தேன் ஐயா. மடிப்பில் செம்பழுப்பு, அதில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் மூன்று. முன்பக்கம் கோடுகளில் அழுக்கேறியிருக்கிறது. பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ரிப்பன் சேகரிப்பவன், ஆம்பூர்:
அப்படியானால் சங்கிராம் மெடல். 1971 போரையொட்டிப் படையில் சேவையில் இருந்த எல்லோருக்கும் உரியது. நடுவிலிருப்பது ரக்ஷா மெடல் 1965. அந்த வருஷம் ஆகஸ்ட் 5 அன்று படையில் இருந்து, 180 நாள் சேவையும் முடித்தவர்களுக்கு.

உங்கள் பட்டியில் இல்லாததைத்தான் நான் முதலில் கவனித்தேன். கிழக்கே வங்காளதேசப் போர்முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கே நின்றவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார், 1965 போர்முனைக்குச் சமர் சேவா ஸ்டார். மூன்றும் ரக்ஷாவுக்கு முன்னால் வரவேண்டியவை. 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கான 25ஆம் சுதந்திர ஆண்டு மெடலின் ரிப்பனும் இல்லை. எப்போது ஊர் திரும்பினார்? பட்டியை அரைகுறையாகத் தைத்து வைத்தவர்களும் உண்டு, அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

முதல் ரிப்பன்தான் விஷயமுள்ளது. அது ஜெனரல் சர்வீஸ் மெடல் 1947. எந்தக் களம் என்பது மெடலின் மேல் கோத்திருக்கும் கிளாஸ்ப் என்ற சிறு உலோகப் பட்டையில்தான் இருக்கும்: நாகா ஹில்ஸ், கோவா 1961, லடாக் 1962, நேஃபா (இன்றைய அருணாசலப் பிரதேசம்) 1962 என்று. ரிப்பன் எல்லாவற்றுக்கும் ஒன்றே. மெடலின் விளிம்பில் எண், பதவி, பெயர் பொறித்திருக்கும். வீட்டில் யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். பெயரில்லாத பட்டிகளை நானே சந்தையில் வாங்கியிருக்கிறேன். அழகாகத்தான் இருக்கும், ஆனால் யாருடையது என்று கேட்டால் பதில் இல்லை.

குப்பத்துப் பேரன்:
1972 ஆடியில் வந்துவிட்டார் என்று பாட்டி சொல்கிறார். கணக்கு ஒத்துப்போகிறது. மெடல் குடியாத்தத்து அத்தை வீட்டில், சாமி மாடத்தில் குங்குமச் சிமிழுக்குப் பின்னால் இருந்தது! கிளாஸ்ப் லடாக் 1962. அந்தச் சீனப் போரைப் பற்றித் தாத்தா ஒரு வார்த்தை பேசியதில்லை. மார்கழி வந்தால் மட்டும் கால்விரல்களைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம், அது அத்தைக்கு நினைவிருக்கிறது. விளிம்பில் பெயர் தெளிவாக இருக்கிறது, எண்ணில் கடைசி இலக்கம் தேய்ந்துவிட்டது.

ஓய்வு ஹவில்தார், குடியாத்தம்:
பாட்டியின் பென்ஷன் புத்தகத்தில் முழு எண் இருக்கும். டிஸ்சார்ஜ் புக் கிடைத்தால் இன்னும் நல்லது, எந்த யூனிட் என்பதும் தெரியும். இரண்டின் நகலையும் வைத்து பெங்களூரில் சாப்பர்ஸின் தலைமையகமான எம்.இ.ஜி.யின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குப் பாட்டி பெயரிலேயே மனு எழுதுங்கள். குப்பத்திலிருந்து ரயில் இருக்கிறதே, நேரிலும் போய் வரலாம். மெடலைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும்.

குப்பத்துப் பேரன்:
போன பொங்கலுக்கே தேய்த்துவிட்டாராம் ஐயா.