மனம் தேறச் செடி வளர்ப்பு: எத்தனை தொட்டி, எவ்வளவு தண்ணீர்?
(பூவாளி, நாற்று, களைக்கொத்தி, மூடாக்கு ஆகியவை இங்கே எழுதுகிறவர்களின் புனைபெயர்கள்.)

பூவாளி:
மனச்சோர்வுக்குத் தோட்டம் நல்லது என்று கேள்விப்பட்டதும் ஒரே நாளில் இருபது தொட்டி வாங்கி அடுக்குகிறவர்கள் நிறையப் பேர். இருபதுக்கும் தண்ணீர் ஊற்றி, பழுத்த இலை பறித்து, பூச்சி பார்க்க முக்கால் மணி நேரம் ஓடிவிடும். எழுந்து பல் துலக்கவே மலைப்பாக இருக்கும் நாளில் அந்தத் தொட்டிகள் கடன்காரர்கள் மாதிரி வரிசையில் நிற்கும். நான்கைந்து தொட்டி, பதினைந்து நிமிட வேலை, இது போதும். மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் ஒன்றிரண்டு கூட்டுங்கள்.

சீக்கிரம் பலன் காட்டுவது ஒன்று, லேசில் சாகாதது ஒன்று, தொட்டால் மணப்பது ஒன்று என்று எடுங்கள். சிறு ரக முள்ளங்கி 3 முதல் 5 நாளில் முளைத்து, 25–30 நாளில் பிடுங்கத் தயாராகும். விதையை அரை அங்குல ஆழத்தில் போட்டால் சரி. கற்றாழையும் மணிபிளான்ட்டும் மறதியைப் பொறுத்துக்கொள்ளும். மணத்துக்குப் புதினா, ஆனால் தனித் தொட்டியில். ஓடுதண்டு விட்டுப் பக்கத்துச் செடியை விழுங்கிவிடும். ரோஜா இப்போதைக்கு வேண்டாம். கரும்புள்ளி நோய், செதில்பூச்சி, கிளை வெட்டும் கவாத்து என்று அது கேட்கும் கவனிப்பு உங்கள் சோர்வைக் கூட்டும்.

நாற்று:
தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. வீட்டுத் தொட்டிச் செடிகள் தாகத்தால் சாவதைவிட மிஞ்சிய தண்ணீரால் சாவதே அதிகம். பதற்றத்தில் இருக்கும் கை சும்மா இருக்காது, காலையில் ஒரு குவளை, மாலையில் ஒரு குவளை என்று ஊற்றிக்கொண்டே இருக்கும். மண்துகள்களுக்கு நடுவே காற்று இருக்க வேண்டிய இடத்தை நீர் அடைத்துவிட்டால் வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. அதனால் ஈர மண்ணில் நின்றபடியே செடி வாடும். வாடுகிறதே என்று இன்னொரு குவளை ஊற்றுவார்கள், அத்தோடு முடிந்தது.

விரலை இரண்டு கணு ஆழம், சுமார் 5 செ.மீ., மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் பூவாளியைத் தொட வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வடியும்வரை நிதானமாக ஊற்றி, தட்டில் தேங்கியதை அரை மணி நேரத்துக்குள் கொட்டிவிடுங்கள். ஊற்ற வேண்டாத நாளிலும் கை துறுதுறுத்தால் இலைகளைத் திருப்பி மாவுப்பூச்சி பாருங்கள், மேல்மண்ணை விரற்கடை ஆழம் கிளறிவிடுங்கள். செடிக்குக் கேடில்லாத வேலைகள் இவை.

மண் கலவை: தோட்ட மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மட்கிய உரம் மூன்றும் சம பங்கு. கோகோபீட்டை இரண்டு முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்குங்கள். அலசாததில் உப்பு இருந்தால் இலை ஓரம் கருகும்.

களைக்கொத்தி:
வெயில் படும் இடத்துக்கு நாற்று சொன்ன கலவை பொருந்தும். அறைக்குள் வைக்கும் தொட்டியில் அவ்வளவு கோகோபீட் போட்டால் பத்து நாளானாலும் ஈரம் போகாது, சிறு கொசு மாதிரி ஈ மொய்க்கும். பாதியாகக் குறைத்து, மீதிக்குப் பெருமணல் சேருங்கள்.

உடம்பையும் பாருங்கள். 10 லிட்டர் பூவாளி நிறைந்தால் பத்து கிலோவுக்கு மேல். 5 லிட்டரே போதும். பாத்தி ஒரு பக்கமிருந்து எட்டுவதாக இருந்தால் 60 செ.மீ. அகலத்தைத் தாண்ட வேண்டாம், இரு பக்கமும் வழி இருந்தால் 120. குனிந்து செய்வதை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மூட்டை உரத்தை முகத்துக்கு நேரே பிரிக்காமல், லேசாக நீர் தெளித்த பிறகு அள்ளுங்கள். அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் கிருமி இருக்கலாம். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு தாண்டியிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

நாற்று:
கோகோபீட் விஷயம் சரி, திருத்திக்கொள்கிறேன். தோட்ட வேலை மன அழுத்தத்தைக் குறைக்கும் என்பதற்கு ஆய்வு உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். நெதர்லாந்தில் நடந்த ஒன்று 2011இல் வெளியானது. 30 பேருக்கு மன அழுத்தம் தரும் வேலை ஒன்றைக் கொடுத்து, பிறகு பாதிப் பேரை அரை மணி நேரம் தோட்ட வேலைக்கும் மீதிப் பேரை அறைக்குள் வாசிக்கவும் விட்டார்கள். மன அழுத்தத்தில் கூடும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இரு தரப்புக்கும் இறங்கியது. தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக. முப்பது பேர் என்பது சின்னக் கணக்கு. இதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மூடாக்கு:
படுக்கையை விட்டு எழ முடியாத நாட்களுக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். செடி நடும்போதே நைலான் கயிறு ஒன்றை அடித்துளை வழியே பாதி மண்ணுக்குள்ளும் மீதி வெளியேயும் விடுங்கள். நீர் நிறைந்த டப்பாவின் மேல் தொட்டியை உட்காரவைத்தால், கயிறு ஈரத்தை மேலே இழுக்கும். பருத்திக் கயிறு சில மாதங்களில் மக்கிவிடும். மண்மேல் 3 செ.மீ. காய்ந்த சருகு பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் இரண்டு விரல் இடம் விடாவிட்டால் அடித்தண்டு அழுகும். கற்றாழைக்குக் கயிறு, சருகு இரண்டுமே ஆகாது.

ஒரு செடி செத்துவிட்டால் "நம்ம கைராசி அப்படி" என்று மூலையில் தள்ளாமல் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். பழுப்பாகிக் கொழகொழவென்று கையோடு வந்தால் தண்ணீர் மிஞ்சியது. ஒடியும் அளவு காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. சிறு முடிச்சுகள் தெரிந்தால் நூற்புழு, அதாவது வேரைத் தாக்கும் நுண்ணிய புழு. அந்த மண்ணை வேறு தொட்டியில் கொட்டாதீர்கள்.