போலியோ சொட்டு மருந்தை இனியும் தொடர வேண்டுமா?

கதிரவன்:
சில ஆண்டுகளாக, இயற்கையான போலியோ வைரஸால் முடங்கும் குழந்தைகளைவிடச் சொட்டு மருந்திலிருந்து கிளம்பிய வைரஸால் முடங்குபவர்களே அதிகம். 2022இல் நியூயார்க் மாநிலத்தில் ஒருவர், 2024இல் காசாவில் பத்து மாதக் குழந்தை. இரண்டுமே மருந்துவழி வந்த வகை 2, அதாவது போலியோ வைரஸின் மூன்று வகைகளில் இரண்டாவது. சொட்டில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். ஊசியில் இருப்பது செத்த வைரஸ், அதில் இந்த வம்பே கிடையாது. பணக்கார நாடுகள் ஊசிக்கு மாறிவிட்டன. மற்றவர்களுக்கு மட்டும் ஏன் இன்னும் சொட்டு?

நித்யா:
மாறினார்கள், சரி. உள்ளூரில் வைரஸ் ஒழிந்த பிறகுதானே மாறினார்கள்? ஊசி ரத்தத்தில் எதிர்ப்பைத் தரும், கை கால் முடங்காமல் காக்கும். ஆனால் குடலில் வைரஸ் பெருகுவதை அவ்வளவாகத் தடுக்காது. மலத்தோடு வெளியேறி அடுத்த குழந்தைக்குப் போய்விடும். 2013இல் இஸ்ரேலைப் பாருங்கள். 2005 முதல் ஊசி மட்டும்தான். யாரும் முடங்கவில்லை, ஆனால் கழிவுநீரில் மாதக்கணக்கில் இயற்கை வைரஸ் வந்துகொண்டே இருந்தது. மறுபடி சொட்டு மருந்தைத்தான் கையில் எடுத்தார்கள்.

செங்குட்டுவன்:
நீங்கள் இருவரும் ஊசியா சொட்டா என்று அடித்துக்கொள்கிறீர்கள். அடியோடு ஒழிப்பது நடக்கிற காரியமா? 1988இல் உலக சுகாதாரப் பேரவை வைத்த கெடு 2000. இன்னும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இயற்கை வைரஸ் இருக்கிறது. அதனால் முடங்கியவர்கள் 2023இல் 12 பேர், 2024இல் 99 பேர். பெரியம்மையை ஒழித்தோம், ஆனால் அது வந்தால் உடம்பிலேயே தெரியும். போலியோ தொற்றிய சுமார் 200 பேரில் ஒருவர்தான் முடங்குகிறார். மிச்சப்பேரை எங்கே தேடுவது?

நித்யா:
கழிவுநீரில். நியூயார்க்கிலும் லண்டனிலும் அப்படித்தான் தடம் பிடித்தார்கள். 1988இல் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பேர் முடங்கிய நோய் இது. இயற்கை வைரஸில் வகை 2 ஒழிந்ததாக 2015இலும் வகை 3 ஒழிந்ததாக 2019இலும் அறிவித்தாயிற்று. 'கட்டுக்குள் வைத்தால் போதும்' என்று விட்டால் என்ன ஆகும்? 2022இல் ஆப்பிரிக்காவின் மலாவியில் கண்டறிந்த இயற்கை வைரஸ் பாகிஸ்தான் வழிவந்தது.

கதிரவன்:
வகை 2 பேச்சை எடுத்ததால் கேட்கிறேன். 2016 ஏப்ரலில் 155 நாடுகள் இரண்டே வாரத்தில் வகை 2ஐச் சொட்டு மருந்திலிருந்து எடுத்தன. அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளின் குடலில் அந்த வகைக்கு எதிர்ப்பே இல்லை. அங்கங்கே பரவியதை அடக்க அதே வகை 2 சொட்டைக் கொடுத்தார்கள், அதிலிருந்தே புதிய பரவல்கள் முளைத்தன. மருந்தே நோயைப் பரப்பினால் அதற்குப் பெயர் ஒழிப்பா?

நித்யா:
எல்லா ஊரிலும் முளைக்கவில்லை. பாதிக் குழந்தைகளுக்குக் கொடுத்து மீதியை விட்ட இடங்களில்தான், வைரஸ் ஆள்மாறி ஆள்மாறி மெல்லப் பழைய வீரியத்தைத் திரும்பப் பெறுகிறது. எல்லாக் குழந்தைக்கும் கிடைத்த இடத்தில் அதற்குப் போக்கிடம் இல்லை. 2021 முதல், எளிதில் உருமாறாதபடி அமைத்த புதிய வகை 2 சொட்டும் வந்துவிட்டது.

கதிரவன்:
அதிலிருந்தும் சில இடங்களில் பரவல் வந்திருக்கிறது. பழையதைவிடக் குறைவு, மறுக்கவில்லை.

செங்குட்டுவன்:
விட்டுப்போன குழந்தைகள் என்கிறீர்களே, யாரால் விட்டுப்போனார்கள்? 2011இல் பின்லாடனைத் தேட பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ போலித் தடுப்பூசி முகாம் நடத்தியது. அப்புறம் சொட்டு மருந்துக்காரரை யார் நம்புவார்? வீடு வீடாகப் போன பெண்களைச் சுட்டுக் கொன்றார்கள், காவலுக்குப் போன போலீஸ்காரர்களையும்தான். எந்தச் சொட்டு நல்லது என்று ஆய்வகத்தில் முடிவெடுக்கலாம், கதவைத் திறக்க வைப்பது எப்படி?

நித்யா:
அந்தக் கேள்வி ஊசிக்கும் உண்டே? ஊசி போடவும் பயிற்சி பெற்றவர் வேண்டும், அதே கதவு திறக்க வேண்டும். வகை 1க்கும் 3க்கும் சொட்டை நிறுத்தும் நாள் வரத்தான் போகிறது. அதற்கு முன்னால் வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் ஊசி எல்லாக் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 2016இல் அது பல நாடுகளில் போய்ச் சேரவில்லை.