பொருள்: மறு: ‘பிரைம் சிக்னேச்சர்’ தமிழில் – கையொப்பமா, வாய்பாடா, கோலமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளில் முப்பது மடல். நேற்று மாலை சில்க் போர்டு நெரிசலில் நின்ற வண்டியிலேயே எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டேன். பெங்களூர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இடையில் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், நானும் ஒயிட்ஃபீல்டு தம்பியும். (இந்தக் குழுவில் ஆளின் பெயரைவிடப் பேட்டையின் பெயர்தான் செல்லுபடியாகிறது. அப்படியே எழுதுகிறேன்.) பள்ளியில் ஆங்கிலம், விளையாடும் இடத்தில் கன்னடம், வீட்டில் மட்டும் தமிழ் என்று வளரும் பிள்ளைகள். வகுத்திகளை (ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்களை) எண்ணும் பாடத்தில் இந்தச் சொல்லிடம் வந்து மாட்டிக்கொண்டோம்.

12-ஐ உடைத்தால் 2² × 3. 18 என்றால் 2 × 3². 45 என்றால் 3² × 5. 50 என்றால் 2 × 5². எந்தப் பகா எண் என்பதைக் கண்டுகொள்ளாமல் அடுக்குகளை மட்டும் பெரியதிலிருந்து சிறியதாக எழுதினால் நான்குக்கும் ஒரே விடைதான்: (2, 1). இதைத்தான் ஆங்கிலத்தில் பிரைம் சிக்னேச்சர் என்கிறார்கள். வகுத்திகள் எத்தனை என்று சொல்ல இது போதும். ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டியதுதான்: 3 × 2 = 6. நான்கு எண்களுக்கும் ஆறு ஆறு வகுத்திகள்.

ஏன் ஒன்றைக் கூட்டுகிறோம் என்று பிள்ளைகள் விடாமல் கேட்டார்கள். தம்பி வீட்டுக்குள் போய் டிபன் கேரியர்களை எடுத்து வந்தார். 360 என்பது 2³ × 3² × 5. மூன்றடுக்குக் கேரியரின் டப்பா ஒவ்வொன்றிலும் 2 என்று சீட்டு, இரண்டடுக்கில் 3, ஒற்றை டப்பாவில் 5. ஒவ்வொரு கேரியரிலிருந்தும் எத்தனை டப்பா வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். அந்த ‘எடுக்காமல் விடுவது’தான் கூடுதல் ஒன்று. ஆக 4 × 3 × 2 = 24 வழிகள், 24 வகுத்திகள். மூன்றையும் தொடாமல் விட்டால் 1 என்ற வகுத்தி. ‘பசிக்காத ஆள்’ என்றான் ஒருவன். அப்புறம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> பகாக் கையொப்பம் என்றே வைக்கலாமே, மூலத்துக்கு நெருக்கமாக இருக்கும். (அல்சூர் ஐயா)

ஐயா, மன்னிக்க வேண்டும், இதில் எனக்கு உடன்பாடில்லை. கையொப்பம் ஆளுக்கு ஒன்று. இரண்டு பேர் ஒரே மாதிரி போட்டால் வங்கியில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். (2, 1) என்பதோ முடிவில்லாத எண்களுக்குப் பொது. ஆங்கிலத்திலேயே நொண்டுகிற உவமையை நாம் ஏன் தோளில் தூக்கி வர வேண்டும்? இன்னொரு சிக்கலும் உண்டு. மின்கையொப்பத்துக்குப் பயன்படும் ஆர்எஸ்ஏ முறை பெரிய பகா எண்களை நம்பித்தான் ஓடுகிறது. ‘பகாக் கையொப்பம்’ என்றால் இந்த ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

> யாப்பில் இருக்கிறதே, வாய்பாடு! ‘மழலை’, ‘கதவை’ இரண்டும் புளிமா. எந்த எழுத்து என்பது அங்கே கணக்கில்லை, அசையின் அமைப்புதான் கணக்கு. (மல்லேசுவரம் அக்கா)

அக்கா, இதைப் படித்ததும் வண்டியிலேயே கைதட்டினேன். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். நிரையும் நேரும் அடுத்தடுத்து வந்தால் புளிமா, உள்ளே மழலையா கதவா என்ற கேள்வியே இல்லை. 12-க்கும் 45-க்கும் உள்ள உறவு கிட்டத்தட்ட இதுதான். ஆனால் கொஞ்சம் யோசித்தால் ஓர் இடத்தில் உதைக்கிறது. யாப்பில் முன்பின் மாறினால் பெயரே மாறிவிடும்: நிரைநேர் புளிமா, நேர்நிரை கூவிளம். நம் எண்களில் முன்பின் கிடையாது. 12-இல் சிறிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு, 18-இல் அதற்கு நேர்மாறு, இருந்தும் இரண்டும் ஒன்றே. அதோடு ‘வாய்பாடு’ என்றதும் பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். வேதியியல்காரர்களும் அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘அடுக்குவரிசை’யும் இதே காரணத்தால் வேண்டாம். வரிசை என்றாலே முன்பின் வந்துவிடும்.

இனி நான் சொல்ல வந்தது. எல்லோருமே முதல் பாதியாகப் ‘பகா’வை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதிக்குத்தான் சண்டை போட்டோம். எனக்கு அந்த முதல் பாதியில்தான் சந்தேகம். இந்தக் கருத்தில் பகா எண்ணே இல்லையே! 2, 3, 5 எல்லாவற்றையும் தூக்கி எறிந்த பிறகு மிஞ்சுவதைத்தான் பெயரிடப் பார்க்கிறோம். எறிந்த பொருளின் பெயரையே மிஞ்சியதற்கு வைப்பது என்ன கணக்கு? மிஞ்சுவது அடுக்குகள் மட்டும்.

பிரேசர் டவுன் நண்பர் யாழ்ப்பாணத்தில் படித்தவர். தனிமடலில் அவர் சொன்னதும் இதற்குத் தோதாக இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் பகா எண் ‘முதன்மை எண்’, அடுக்கு ‘சுட்டி’. ‘பகா’ என்று தொடங்கினால் அங்கே அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கும். ‘அடுக்கு’ அவர்களுக்குப் பாடச்சொல் இல்லையென்றாலும் கேரியரைப் பார்த்த எவருக்கும் புரியும். இன்னொன்றும் சொன்னார்: எண்களில் வரும் ஒழுங்கமைப்பை அங்கே ‘எண்கோலம்’ என்றே படிப்பார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு முடிச்சு அவிழ்ந்தது.

அடுக்குக்கோலம்.

கோலத்தில் எந்த நிறப் பொடி என்பது பெயரை மாற்றாது. ஐந்து புள்ளிக் கோலம் அரிசிமாவில் போட்டாலும் ஐந்து புள்ளிக் கோலம்தான். வாசலுக்கு வாசல் அதே கோலம் வரலாம், யாரும் கையொப்பத் திருட்டு என்று புகார் கொடுக்க மாட்டார்கள். சொல் வாக்கியத்தில் உட்காருகிறதா என்றும் பார்த்தேன். ‘360-உம் 420-உம் 24 வகுத்திகள் கொண்டவை, ஆனால் அடுக்குக்கோலம் வேறு: ஒன்று (3, 2, 1), மற்றது (2, 1, 1, 1).’ ‘அடுக்குகளின் கூட்டுத்தொகை 4 என்றால் ஐந்தே கோலங்கள், ஒவ்வொன்றிலும் மிகச் சிறிய எண்ணை எடுத்தால் 16, 24, 36, 60, 210.’ தடங்கல் இல்லாமல் படிக்க முடிகிறது.

கடைசியாகச் சொன்ன அந்தச் சிறிய எண்களுக்குத் தனிப் பெயர் வேண்டும். 1, 2, 4, 6, 8, 12, 16, 24, 30, 32, 36 என்று போகும் அவை. ஒவ்வொரு கோலத்துக்கும் ஒரு தலைவன் மாதிரி. பெரிய அடுக்கை 2-க்கும் அடுத்ததை 3-க்கும் கொடுத்துக்கொண்டே போனால் கிடைப்பவை. நம் கும்பகோணத்துக்காரருக்கு இவை நெருங்கிய சொந்தம். தமக்கு முந்தைய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றி இராமானுசன் 1915-இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அந்த எண்களில் பகா எண் பெரிதாகப் பெரிதாக அடுக்குகள் ஏறவே ஏறா, 4, 36 இரண்டையும் தவிர்த்தால் கடைசி அடுக்கு எப்போதும் 1 என்று அதில் காட்டினார். 5040 = 2⁴ × 3² × 5 × 7, வகுத்திகள் 60. பிறகு 1917-இல், அடுக்குகள் ஏறாமல் வரும் எண்கள் ஓர் எல்லைக்குள் தோராயமாக எத்தனை என்று இங்கிலாந்துக் கணிதர் ஹார்டியோடு சேர்ந்து எழுதினார். இந்த எண்களுக்கு என்ன பெயர் வைக்கலாம்? ‘தலைக்கோலம்’ எனக்குத் தோன்றியது. தலைமேல் போட்ட கோலம் மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சிரித்துவிட்டார்கள்.

ஒரு வேடிக்கையோடு நிறுத்துகிறேன். ஒன்றை 320 கூறு போட்டால் ஒரு கூறு முந்திரி, நம் பழைய கீழ்வாய் இலக்கம் (பின்னம்). பழைய ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பைசாவாக 192 பை. (ஐயா திருத்துவதற்கு முன் நானே திருத்திவிடுகிறேன்: அணாவுக்கு 12 பை, பைசா என்றால் 4.) 320 = 2⁶ × 5. 192 = 2⁶ × 3. ஒரே அடுக்குக்கோலம், (6, 1)! இரண்டுக்கும் 14 வகுத்திகள். 14 வகுத்திகள் கொண்ட எண்களில் மிகச் சிறியதும் அந்த 192-தான். 1957-இல் ரூபாயை 100 நயா பைசாவாக்கியபோது வகுத்திகள் ஒன்பதாகக் குறைந்தன. தாத்தாக்கள் அன்று முணுமுணுத்ததில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கிறது.

– கோரமங்களா

*

கோரமங்களா தம்பிக்கு,

கையொப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வங்கியில் முப்பது வருடம் வேலை பார்த்தவனிடமே வங்கி உதாரணம் காட்டினால் வேறென்ன செய்வது. வன்றொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும், ஆகவே ‘அடுக்குக்கோலம்’ சரி. யாராவது ‘அடுக்கு கோலம்’ என்று எழுதினால் நான் மறுபடி மடல் போடுவேன்.

ஒரு குறை மட்டும். பிள்ளைகள் வாயில் கோலமும் கோளமும் ஒன்றாகிவிடுகின்றன. என் பேத்தியிடம் அடுக்குக்கோலம் என்றேன், லட்டு அடுக்கி வைத்த படம் வரைந்து கொடுத்தாள்.

– அல்சூர்

*

ஐயா, அது சொல்லின் குற்றமில்லை, லகர ளகரத்தின் குற்றம். அதைச் சனிக்கிழமை வகுப்பில் தனியாகக் கவனிக்கச் சொல்லுங்கள். வாய்பாடு போனதில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் முன்பின் பற்றிச் சொன்னதற்குப் பதிலில்லை.

எனக்கு ஒரு கேள்வி: 1-இன் அடுக்குக்கோலம் என்ன? அதில் பகா எண்ணே கிடையாது, அடுக்கும் கிடையாது. ‘கோலமில்லா எண்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கோலம் போடாத வாசல் என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று தெரியும்.

– மல்லேசுவரம்

*

அக்கா, நல்ல வேளை கேட்டீர்கள். நேற்று வகுப்பில் இதையே கேட்டோம். ‘வெறுங்கோலம்’ என்று தம்பி சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பசிக்காத ஆள் எழுந்து, ‘தண்ணி தெளிச்சாச்சு, இன்னும் போடலை’ என்றான். பட்டியலில் 1-க்கு நேரே ‘தெளித்த வாசல்’ என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். ‘தலைக்கோலம்’ இருந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

– கோரமங்களா