13 வயசுப் பையனுக்கும் 10 வயசுப் பொண்ணுக்கும் ஏர் ரைஃபிள்: எதை வாங்கலாம்?

தோப்புக்காரன் (பொள்ளாச்சி):
வணக்கம். அண்ணன் பையனுக்கு 13 வயசு, பொண்ணுக்கு 10. ரெண்டு பேரும் ஏர் ரைஃபிள் கத்துக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. கடையில ரெண்டு காட்டினாங்க. ஒண்ணு, பெட்டியிலயே "வினாடிக்கு 1000 அடி"ன்னு போட்டு ஸ்கோப்போட வர்ற பெரிய ஸ்பிரிங் கன் (பேரலை, அதாவது குழலை மடக்கி உள்ள ஸ்பிரிங்கை இறுக்கிச் சுடுறது). இன்னொண்ணு சாதா சைட் வெச்ச சின்னது, வேகமும் கம்மி. விலையில பெரிய வித்தியாசம் இல்ல. எதை எடுக்கலாம்? ஒண்ணையே ரெண்டு பேரும் வெச்சுக்க முடியுமா? லைசென்ஸ் வேணுமா? தோப்புல மயில் தொல்லை வேற, அதை விரட்டவும் ஆகுமா?

பத்துமீட்டர்:
சின்னதை எடுங்க. ஒலிம்பிக்கில் 10 மீட்டர் தூரத்துல அரை மில்லிமீட்டர் புள்ளியை அடிக்கிற மேட்ச் (போட்டி) ரைஃபிளே வினாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்துலதான் சுடும். அடிக்கணக்குல சுமார் 560. 1000 அடி வேகத்தால பசங்களுக்கு ஒரு லாபமும் இல்ல. மடக்கி ஏத்துற பலமும் உதைப்பும்தான் கூடும்.

கடையிலயே பாக்க வேண்டியது மூணு. முதல்ல கட்டையோட, அதாவது தோள்ல சாத்துற பகுதியோட நீளம். பையன் முழங்கையை 90 டிகிரி மடக்கட்டும். பட்டோட (கட்டையோட பின்நுனி) பின்பக்கத்தை முழங்கை மடிப்புல வெச்சா, ஆள்காட்டி விரலோட முதல் ரேகை ட்ரிகர்ல படணும். பெரியவங்க கன்ல ட்ரிகர்ல இருந்து பட் வரைக்கும் 14 இன்ச் வரும். 10 வயசுக்கு 11, 12 இன்ச்தான் சரியா இருக்கும். நீளம் அதிகமானா குழந்தை கழுத்தை நீட்டி, உடம்பைத் திருப்பித்தான் சைட்டைப் பாக்கும். அப்புறம் என்ன சொல்லிக்கொடுத்தாலும் ஏறாது.

ரெண்டாவது, பேரலை மடக்கி ஏத்துற பலம். வீட்டுல எடை பாக்கிற மெஷினைத் தரையில வெச்சு, மேல ஒரு துண்டை மடிச்சுப் போட்டு, காலி கன்னோட பேரல் நுனியை அதுல ஊன்றி அழுத்துங்க. முழுசா ஏறி 'க்ளிக்'னு சத்தம் வர்றதுக்குள்ள அதிகபட்சமா எத்தனை கிலோ காட்டுதோ, அதுதான் பலம். 8 கிலோவுக்குள்ள இருந்தா பையன் தானே ஏத்துவான். 15 கிலோவுக்கு மேல போச்சுன்னா ஒவ்வொரு தடவையும் நீங்கதான் ஏத்திக் கொடுக்கணும்.

மூணாவது எடை. ரெண்டரைக் கிலோவுக்குள்ள பாருங்க. பொண்ணுக்கு அதுவும் அதிகம். மேஜையில மணல் மூட்டை வெச்சு, அதுமேல கன்னைச் சாத்தி, உக்காந்து சுடட்டும். இந்த வயசுல நின்னு தூக்கிப் பிடிக்கச் சொன்னா முதுகைப் பின்னால வளைச்சுத்தான் நிப்பா, அந்தப் பழக்கம் பின்னாடி போகாது.

ஒரே கன் ரெண்டு பேருக்கும் போதும். மரக்கட்டையா இருந்தா தச்சர்கிட்ட பட்டுல ஒன்றரை இன்ச் அறுத்துக்கலாம். அறுத்த துண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அதை அரை இன்ச் துண்டுகளா வெட்டி, நீளமான ஸ்க்ரூ போட்டா பையன் வளர வளர ஒவ்வொண்ணா சேத்துக்கலாம்.

இன்னொண்ணு, யாரும் சொல்லமாட்டாங்க: எந்தக் கண்ணு முந்துதுன்னு பாருங்க. ரெண்டு கையையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவுல சின்ன முக்கோண ஓட்டை விட்டு, தூரத்துல ஒரு பொருளைப் பாக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு கண்ணா மூடினா, எந்தக் கண்ணு மூடும்போது பொருள் ஓட்டையை விட்டு விலகுதோ அதுதான் முந்துற கண்ணு. வலது கைக்காரப் பிள்ளைக்கு இடது கண்ணு முந்துறது சகஜம். அப்படின்னா ஆரம்பத்துலயே இடது தோள்ல வெச்சுப் பழக்குங்க.

சட்டப்புள்ளி:
லைசென்ஸ் விஷயம். 2016 ஆயுத விதிகள்படி 0.177 இன்ச், அதாவது 4.5 மி.மீ. குழல், பெல்லட்டோட (சின்ன ஈயக் குண்டு) ஆற்றல் 20 ஜூலுக்கு மேல போகாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்ல. அடையாள அட்டை, முகவரிச் சான்று நகலை எடுத்துட்டுப் போங்க, பில்லைப் பத்திரமா வெச்சுக்குங்க. 0.22 குழல்னா லைசென்ஸ் வேணும்.

அந்த 1000 அடி கன்னைக் கணக்குப் போட்டுப் பாருங்க. சாதாரண 0.53 கிராம் பெல்லட் நிஜமாவே அந்த வேகத்துல போனா 24 ஜூலுக்கு மேல வருது, லைசென்ஸ் வரம்பைத் தாண்டிடும். லேசான பெல்லட் போட்டு எடுத்த வேகத்தைத்தான் பெட்டியில அடிச்சிருப்பாங்க.

மயில் பேச்சையே எடுக்காதீங்க தோப்புக்காரரே. வனவிலங்குச் சட்டம் 1972-ல முதல் பட்டியல்ல இருக்கு அது. மூணு வருஷத்துக்குக் குறையாம ஜெயில். 'விரட்டத்தான் சுட்டோம்'னு சொன்னாலும் பெல்லட் பட்டா காயம்தான், கேஸ்தான். பசங்க கையில கன்னைக் கொடுக்கிற அன்னிக்கே சொல்லிடணும்: காகிதத்தைத் தவிர வேற எதையும் குறி பாக்கக்கூடாது.

வாஷர் மெக்கானிக்:
ரிப்பேருக்கு வர்ற ஸ்பிரிங் கன் பாதி, பெல்லட் இல்லாமச் சுட்டே கெட்டது. பெல்லட் இருந்தா முன்னால காத்து அடைபட்டு பிஸ்டனுக்கு மெத்தை மாதிரி தாங்கும். இல்லைன்னா பிஸ்டன் நேராப் போய் இரும்புல மோதும், வாஷர் நசுங்கும், ஸ்பிரிங் உடையும். நண்பனுக்குக் காட்டுறேன்னு சும்மா சுட விடாதீங்க.

காத்து வர்ற ஓட்டையில தேங்காய் எண்ணெயோ மெஷின் ஆயிலோ விடாதீங்க. அழுத்தத்துல எண்ணெய் பத்திக்கும். புகை வரும், 'டப்'புன்னு சத்தம் பெருசாகும், பெல்லட் கண்டபடி போகும். "எண்ணெய் விட்டதும் பவர் ஏறிடுச்சு"ன்னு சந்தோஷப்படுறவங்க வாஷரை எரிச்சிட்டு இருக்காங்க. பேரல் மடங்குற இணைப்பு ஊசியில மட்டும் துளி கிரீஸ் போதும்.

சைக்கிள் பால்ரஸ் போட்டுச் சுடுறது இன்னொரு வியாதி. எஃகு குண்டு குழலுக்குள்ள பெல்லட்டைச் சுழல வைக்கிற வரியைத் தேய்ச்சிடும், அதுக்கப்புறம் எந்தப் பெல்லட் போட்டாலும் அடிகள் ஒரே இடத்துல குழுவாச் சேராது. அதுவுமில்லாம எஃகு, சுவர்ல பட்டா அப்படியே திரும்பி வரும். பசங்களுக்கு முனை தட்டையான ஈயப் பெல்லட்தான். காகிதத்துல வட்டமா ஓட்டை விழும், எங்க பட்டதுன்னு குழப்பமே இருக்காது.

முக்கியமா ஒண்ணு. பேரலை மடக்கி பெல்லட் போடும்போது ஒரு கை பேரலைப் பிடிச்சே இருக்கணும், ட்ரிகர் பக்கம் விரலே போகக்கூடாது. பேரல் மடங்கி இருக்கையில ட்ரிகர் விடுபட்டா பேரல் சடார்னு மேல வந்து அடிக்கும். விரல் மாட்டினா எலும்பு முறியும், கட்டையும் பிளக்கும். பொண்ணுக்கு ஏத்திக் கொடுக்கிறது நீங்களாவே இருங்க.

தோப்புக்காரன் (பொள்ளாச்சி):
எல்லாருக்கும் நன்றி. சின்னதுதான்னு முடிவு பண்ணியாச்சு. ஸ்கோப் தனியா வாங்கிப் போடலாமா? வீட்டுல எங்க வெச்சுச் சுடுறது? மாடி காலியா இருக்கு.

பத்துமீட்டர்:
ஸ்கோப் வேண்டாம். ஸ்பிரிங் கன் பின்னால ஒரு உதை, உடனே முன்னால ஒரு உதைன்னு ரெண்டு பக்கமும் ஆடும். மலிவு ஸ்கோப்புக்குள்ள இருக்கிற குறுக்குக் கம்பி கழண்டுடும். சாதா சைட்லயே முன் ஊசியைத் தெளிவா பாத்து, கறுப்பு வட்டம் அதுமேல உக்காந்த மாதிரி வெச்சுச் சுடப் பழகட்டும். அடி கீழே விழுந்தா பின் சைட்டை மேலே ஏத்துங்க, இடதுல விழுந்தா வலதுக்குத் தள்ளுங்க. அஞ்சு தடவை சுட்டுக் குழுவைப் பாத்துட்டுத் திருகுங்க, ஒவ்வொரு அடிக்கும் திருகாதீங்க. முன்கட்டையை உள்ளங்கையில சும்மா தாங்கினா போதும். இறுக்கிப் பிடிச்சா ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு பக்கம் போகும்.

மாடி சரியான இடம் இல்ல. தப்பிப் போற பெல்லட் சில நூறு மீட்டர் போகும், கண்ணுல பட்டா பார்வை போயிடும். தோப்புல மோட்டார் ரூமோட முழுச்சுவர் இருந்தா அதுக்கு முன்னால ஒரு மரப்பெட்டி வைங்க. உள்ளே பழைய துணியை நல்லா இறுக்கி அடைச்சு, பின்பக்கம் இரும்புத் தகடு கொடுங்க. காகிதத்தை முன்னால ஒட்டுங்க. பெட்டி ரெண்டடி அகலமாவது இருக்கட்டும், ஆரம்பத்துல நிறைய தப்பும். சுடுற பிள்ளைக்கும் பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் பாலிகார்பனேட் கண்ணாடி. ஒரு நாளைக்கு 30, 40 தடவை சுட்டா போதும், அதுக்கு மேல கை சோர்ந்து குறி கெடும். முடிஞ்சதும் கையை சோப்பு போட்டுக் கழுவாம முறுக்கு எடுக்க விடாதீங்க, ஈயம் அது. பெல்லட்டை வாயில வெச்சுக்கிற பழக்கமும் கூடாது.

கிளப்வாசி:
ஒண்ணு சேத்துக்கிறேன். பையன் ஆறு மாசம் விடாம சுட்டான்னா கோயம்புத்தூர் ரைஃபிள் கிளப்ல விசாரிங்க. போட்டிகள்ல ஓப்பன் சைட் பிரிவும் உண்டு, பீப் சைட் (சின்ன ஓட்டை வழியா குறி பாக்கிறது) வெச்ச மேட்ச் ரைஃபிள்தான் வேணும்னு ஆரம்பத்துல இல்ல. புது வெளிநாட்டு மேட்ச் ரைஃபிள் லட்சங்கள்ல போகும், பழசு தேடினா முதல்ல அதுல அழுத்தக் காத்து அடைக்கிற சிலிண்டரைத் திருப்பிப் பாருங்க. தயாரிச்ச வருஷம் அதுலயே பொறிச்சிருக்கும். வால்தர், ஃபைன்வெர்க்பாவ் மாதிரி கம்பெனிக சிலிண்டருக்கு இத்தனை வருஷம்தான்னு ஒரு கணக்கு வெச்சிருக்கும். தேதி முடிஞ்ச சிலிண்டர்ல 200 பார் அழுத்தத்துக்குக் காத்து ஏத்தக்கூடாது, புது சிலிண்டர் விலையைக் கழிச்சுட்டு பேரம் பேசுங்க.