புதிய பொதுப் படைத்துப்பாக்கி: எந்த முடிவை முதலில் எடுக்க வேண்டும்?

இளவேனில்:

வணக்கம். நான் பாதுகாப்புக் கொள்கை படிக்கும் மாணவி. நடுத்தர அளவுள்ள ஒரு தேசிய ராணுவம், ஒரு தலைமுறைக் காலமாகக் கையில் வைத்திருக்கும் 5.56 மி.மீ. துப்பாக்கியைக் கைவிட்டுப் புதியதொன்றை வீரர்கள் எல்லோருக்கும் வழங்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேர்வுக் குழு தன் முடிவுகளை எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். இணையத்தில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை இந்தத் துப்பாக்கி உயர்ந்தது, அந்தத் துப்பாக்கி தாழ்ந்தது என்ற சண்டையாகவே முடிந்துவிடுகின்றன. ஆனால், சோதனைகளில் தேறி ஏற்கப்பட்ட துப்பாக்கிகளே பின்னர் களத்தில் பெரும் சிக்கலைக் கொடுத்திருக்கின்றன என்பதையும் படித்தேன்.

தோட்டாவை முடிவு செய்துவிட்டுத் துப்பாக்கியைத் தேட வேண்டுமா, அல்லது நல்ல துப்பாக்கி எந்தத் தோட்டாவைச் சுடுகிறதோ அதை ஏற்றுக்கொள்ள வேண்டுமா? சோதனை முடிவுகளின் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்? வெளியிலிருந்து வாங்குவதா, உரிமம் பெற்று உள்நாட்டிலேயே தயாரிப்பதா என்ற கேள்வியை எந்தக் கட்டத்தில் எழுப்ப வேண்டும்? துப்பாக்கியைச் சுமந்தவர்களும் அதைப் பழுதுபார்த்தவர்களும் பதில் எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பழைய காலாட்படைக்காரன்:

நல்ல கேள்வி. என் பதில் தோட்டாவிலிருந்துதான் தொடங்குகிறது. துப்பாக்கியை இருபது, முப்பது ஆண்டுகளில் மாற்றிவிடலாம், தோட்டா அப்படியல்ல. தொழிற்சாலை, கிடங்கு, இயந்திரத் துப்பாக்கி, கூட்டணி நாடுகள் என்று எல்லாவற்றோடும் பின்னிக்கிடப்பதால், ஒரு முறை எடுத்த முடிவு இரண்டு தலைமுறைகளுக்கு நீடிக்கும்.

முதலில் எடைக் கணக்கைப் பாருங்கள். ஒரு 5.56 மி.மீ. தோட்டா ஏறத்தாழ 12 கிராம், 7.62×51 மி.மீ. தோட்டா (முதல் எண் குண்டின் விட்டம், அடுத்தது கூட்டின் நீளம்) ஏறத்தாழ 24 கிராம். கலாஷ்னிகோவ் சுடும் 7.62×39 மி.மீ. இவ்விரண்டுக்கும் இடையில் 16 கிராம் அளவில் நிற்கிறது. வீரன் 210 தோட்டாக்களைச் சுமக்கிறான் என்றால், மேகசின்களின் (தோட்டாப் பெட்டிகளின்) எடையை விட்டுவிட்டாலும், 5.56-இல் இரண்டரைக் கிலோ, 7.62×51-இல் ஐந்து கிலோ. அந்த இரண்டரைக் கிலோ வித்தியாசம் குடிநீராகவோ, வானொலிக் கருவியின் பேட்டரியாகவோ, காயக்கட்டாகவோ இருந்திருக்கக்கூடியது. மலையேறி முடித்து மூச்சு வாங்கும் நேரத்தில் உடனே சுட வேண்டியிருந்தால் அந்த எடையின் விலை கையில் தெரியும். எத்தனை மீட்டர் தூரத்தில், எந்த நிலப்பரப்பில், யாரை எதிர்த்துச் சண்டை நடக்கப்போகிறது என்பதை எழுதி வைக்காமல் கனமான தோட்டாவைக் கேட்கும் குழு, அந்தச் சுமையைப் பிறர் தோளில் ஏற்றுகிறது.

தோட்டா முடிவு தொழில்நுட்பத்தை மட்டும் பார்த்து எடுக்கப்படுவதில்லை என்பதற்கு பிரிட்டனின் இஎம்-2 துப்பாக்கி கண்முன்னே நிற்கும் சான்று. 7 மி.மீ. அளவுள்ள நடுத்தரத் தோட்டாவைச் சுடும் அந்தத் துப்பாக்கியை 1951-இல் பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஆட்சிக்கு வந்த சர்ச்சில் அரசு, கூட்டணியின் பொதுத் தோட்டாவுக்காக அம்முடிவைக் கைவிட்டது. அமெரிக்கா வலியுறுத்திய 7.62×51 நேட்டோவின் தரமாயிற்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அதே அமெரிக்கா வியட்நாமில் 5.56-க்கு மாறிக்கொண்டிருந்தது. ஆகவே, கூட்டணியின் ஒழுங்கு எவ்வளவு நாள் நிற்கும் என்பதையும் குழு மதிப்பிட வேண்டும்.

மற்றொன்று, பொதுத் துப்பாக்கி காலாட்படைக்கு மட்டும் உரியதன்று. லாரி ஓட்டுபவர், சமையல் பிரிவில் இருப்பவர், மருத்துவ உதவியாளர் என எல்லோரும் அதைச் சுமக்கிறார்கள். இடக்கையாளர்களையும் மறந்துவிடக் கூடாது. 1985-இல் பிரிட்டன் ஏற்ற எல்85 புல்பப் துப்பாக்கியில் (விசைக்குப் பின்னால் மேகசின் அமைந்த வகை), சுட்ட தோட்டாவின் கூடு வலப்பக்கம், சுடுபவரின் கன்னத்தை ஒட்டிய இடத்திலிருந்து தெறித்து வெளியேறும். இடத் தோளில் வைத்துச் சுட்டால் அது முகத்திலேயே அடிக்கும். எனவே இடக்கையாளர்களும் வலத் தோளிலேயே பயிற்சி பெற வேண்டியதாயிற்று. தடித்த கையுறையோடு விசையை இழுக்க முடிகிறதா, மார்புக் கவசம் அணிந்தபின் கட்டையைத் தோளில் பதிக்க முடிகிறதா என்பவற்றைக் கவனித்துப் பார்ப்பது, ஆயிரம் பக்க அறிக்கையைப் புரட்டுவதைவிடப் பயனுள்ளது.

ஆயுதப்பணிமனை:

தோட்டாதான் முதல் என்பதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் ஒரு திருத்தம் வேண்டும்: தோட்டாவின் அளவை மட்டும் முடிவு செய்தால் போதாது. எந்த வெடிமருந்து, எந்தக் குண்டு, எந்தத் தொழிற்சாலையின் தயாரிப்பு என்பது வரைக்கும் முடிவு செய்துவிட்டுத்தான் துப்பாக்கியைச் சோதிக்க வேண்டும்.

அமெரிக்காவின் எம்16 துப்பாக்கியின் கதையை எல்லோரும் அரைகுறையாகச் சொல்கிறார்கள். அது தன்னளவில் மோசமான வடிவமைப்பு அன்று. ஒரு வகை வெடிமருந்தை வைத்து உருவாக்கப்பட்ட துப்பாக்கிக்கு, 1964-இல் வேறு வகையான உருண்டை வெடிமருந்து நிரப்பிய தோட்டாக்கள் வழங்கப்பட்டன. சுடும் வேகம் கூடியது. உள்ளே படியும் கசடும் கூடியது. தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லாததால் வியட்நாமின் ஈரத்தில் அது அரித்தது. சுட்ட கூடு அறையிலேயே ஒட்டிக்கொண்டது. இதற்கிடையில், இந்தத் துப்பாக்கியைச் சுத்தம் செய்யவே தேவையில்லை என்ற பேச்சும் பரவியிருந்ததால், பலருக்குச் சுத்தம் செய்யும் கருவிகள்கூடப் போதிய அளவில் போய்ச் சேரவில்லை. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இகார்ட் துணைக்குழு இதை விசாரித்துக் கடுமையாகக் கண்டித்தது. பிறகு பூச்சு, உள் இயக்கத்தின் அதிர்வைத் தாங்கும் புதிய பஃபர், கருவிகள், பயிற்சி எல்லாம் வந்தன. துப்பாக்கி ஒழுங்காக வேலை செய்தது. இடையில் உயிரிழந்தவர்களுக்கு அந்தத் திருத்தங்களால் பயன் ஏதுமில்லை.

குழலும் இதைப் போன்றதே. பழைய 5.56 தோட்டாவுக்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்கு (குண்டைச் சுழலவைக்கும் குழலின் உட்பள்ளங்களின் திருகல்) போதுமானதாக இருந்தது. 1980-இல் நேட்டோ தரமாக்கிய எஸ்எஸ்109 குண்டு நீளமானது என்பதால், எம்16-இன் பின்வந்த வகையான எம்16ஏ2-இல் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மாற்ற வேண்டியிருந்தது. பழைய குழலில் புதிய குண்டைச் சுட்டால் அது நிலையாகப் பறக்காது. கிடங்கில் பழைய தோட்டா எவ்வளவு இருப்பில் உள்ளது என்று கேட்காமல் குழலைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கவலை வருகிறது.

சோதனை எண்களைப் பற்றிக் கேட்டீர்கள். 2007-இல் அமெரிக்கத் தரைப்படை நடத்திய தூசிச் சோதனையைப் பாருங்கள். நான்கு வகைத் துப்பாக்கிகள், வகைக்கு 60,000 தோட்டாக்கள். எம்16-இன் குட்டை வடிவமான எம்4 882 முறை தடைப்பட்டது. எச்கே416 233 முறை. ஸ்கார் 226 முறை. எக்ஸ்எம்8 127 முறை. இதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அதே ஆண்டில் அதற்கு முன்பு நடந்த அதே மாதிரியான சோதனையில் எம்4 தடைப்பட்டது 307 முறைதான். தூசியும் எண்ணெயும் பூசப்படும் விதம், துப்பாக்கி எந்தத் தயாரிப்புத் தொகுதியிலிருந்து வந்தது, மேகசின்கள் எவ்வளவு பழையவை என்பவற்றில் ஏதாவது ஒன்று மாறினாலும் எண் எங்கோ போய்விடும். அந்த 882-இல் 239 தடைகள் மேகசினால் வந்தவை. ஆகவே, ஒரே களத்தில், ஒரே நாளில், பழைய துப்பாக்கியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு.

மேகசினை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. பணிமனைக்கு "ஜாம் ஆகிறது" என்று வரும் துப்பாக்கியில் நான் முதலில் பார்ப்பது மேகசினின் வாயைத்தான். தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் இரண்டு உதடுகளில் ஒன்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்கு விரிந்திருக்கும்; விரலால் தடவினால்தான் புலப்படும். அந்தச் சிறு விரிவால் தோட்டாவின் மூக்கு மேலெழும்பி அறையின் விளிம்பில் முட்டும். பழி முழுவதும் துப்பாக்கியின் மேல் விழும். இந்தியாவின் இன்சாஸ் துப்பாக்கியிலும், 1999 கார்கில் போரின் கடுங்குளிரில் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டதே பெரும் புகாராக எழுந்தது. மேகசினைத் துப்பாக்கியின் துணைப்பொருளாகக் கருதாமல் அதன் உறுப்பாகக் கருதிச் சோதியுங்கள்.

ஒப்பந்தக்கணக்கு:

நான் ஆயுதக் கொள்முதலின் சட்டப் பக்கத்தைப் பார்த்தவன். மேலே எழுதிய இருவரும் தொடாத ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தேவை என்று நீங்கள் எதை எழுதி வைக்கிறீர்களோ அதுவே உங்களுக்குக் கிடைக்கும். எழுதாத எதையும் பிறகு உரிமையோடு கேட்க முடியாது.

ஜெர்மனி 1997 முதல் ஜி36 துப்பாக்கியைப் பயன்படுத்தியது. தொடர்ந்து சுட்டுக் குழல் சூடேறினாலோ, சுற்றுப்புற வெப்பம் உயர்ந்தாலோ குறி விலகுகிறது என்ற புகார் எழுந்தது. ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின. 2015-இல் பாதுகாப்பு அமைச்சர் உர்சுலா வான் டெர் லேயன் அந்தத் துப்பாக்கிக்கு எதிர்காலம் இல்லை என்று அறிவித்தார். ஆனால் குறைபாடு என்று அரசு இழப்பீடு கேட்டதை எதிர்த்து, துப்பாக்கியைத் தயாரித்த நிறுவனம் தொடுத்த வழக்கில், 2016-இல் கோப்லென்ஸ் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் கேட்ட பண்புகளோடு துப்பாக்கி ஒத்திருந்தது என்பதே அதன் சாரம். அந்த ஒப்பந்தங்களை எழுதியவர்கள் மனத்தில் பாலைவன வெயிலில் நீளும் துப்பாக்கிச் சண்டை இருக்கவில்லை.

அடுத்த தேர்வும் சிக்கலில் மாட்டியது. 2020 செப்டம்பரில் ஹேனல் நிறுவனத்தின் எம்கே556 தேர்வானது. காப்புரிமை மீறல் ஐயம் எழுந்ததால் அடுத்த மாதமே அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. பிறகு எச்கே416-இன் ஒரு வகை தேர்வாயிற்று. எனவே காப்புரிமை, உரிமம், வரைபடங்களின் உடைமை ஆகியவற்றைத் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்க்கும் முன்பே சரிபார்த்துவிட வேண்டும்.

உள்நாட்டுத் தயாரிப்பு பற்றிய உங்கள் கேள்விக்கும் இங்கேதான் இடம். அதை இறுதியில் எழுப்பினால் விற்பவர் கை ஓங்கிவிடும். உறுப்புகளைக் கொண்டுவந்து பூட்டுவதை மட்டும் உள்நாட்டுத் தயாரிப்பு என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். குழலையும், தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டையும் சொந்தமாகச் செய்யத் தெரியாத தொழிற்சாலை, போர்க்காலத்தில் கடல்வழி அடைபட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

இளவேனில்:

மூவருக்கும் மிக்க நன்றி. என் கட்டுரையின் அமைப்பையே மாற்ற வேண்டியிருக்கிறது. ஒரு துணைக்கேள்வி: எதிரியின் மார்புக் கவசம் வலுப்பெற்றுவரும் நிலையில் 5.56-இன் காலம் முடிந்துவிட்டது என்றும், அமெரிக்கா 6.8 மி.மீ.க்கு மாறியதே அதற்குச் சான்று என்றும் பலர் எழுதுகிறார்கள். ஒரு நடுத்தர ராணுவமும் அந்த வழியிலேயே போக வேண்டுமா?

பழைய காலாட்படைக்காரன்:

2022 ஏப்ரலில் அமெரிக்கத் தரைப்படை சிக் சாவர் நிறுவனத்தின் எக்ஸ்எம்7 (அப்போதைய பெயர் எக்ஸ்எம்5) துப்பாக்கியையும் அதற்கு இணையான இயந்திரத் துப்பாக்கியையும் 6.8×51 தோட்டாவுடன் தேர்ந்தெடுத்தது உண்மை. ஆனால் அது யாருக்காக என்று பாருங்கள். நெருங்கிச் சண்டையிடும் படைப்பிரிவுகளுக்காகவே அது திட்டமிடப்பட்டது. மற்றவர்களிடம் எம்4 தொடர்கிறது. தூரத்தை அளந்து குறியைத் தானே திருத்திக் காட்டும் கணினிக் குறிகாட்டியும் அந்தத் திட்டத்தின் பகுதி. அது இல்லாமல், சாதாரண வீரன் அந்தத் தோட்டாவின் நெடுந்தூர வலிமையைப் பயன்படுத்திக்கொள்வது அரிது.

விலையும் இருக்கிறது. மேகசினில் 30-க்குப் பதில் 20 தோட்டாக்கள். ஏழு மேகசின்கள் என்றால் 210-க்குப் பதில் 140. துப்பாக்கி சைலன்சருடன் ஏறத்தாழ நாலரைக் கிலோ, குறிகாட்டி தனி. ஒரு சண்டையின் முதல் சில நிமிடங்களில் எதிரியைத் தலைதூக்கவிடாமல் அடக்குவதற்கே பெரும்பாலான தோட்டாக்கள் செலவாகும் என்பதால், 70 தோட்டாக்கள் குறைவது சிறிய இழப்பன்று. கவசத்தை ஊடுருவ மேம்பட்ட 5.56 குண்டும், பிரிவுக்கு ஒன்றிரண்டு கனமான துப்பாக்கிகளும் போதுமா என்று முதலில் சோதித்துப் பார்ப்பதே நடுத்தர ராணுவத்துக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

ஆயுதப்பணிமனை:

இதில் நான் சற்று வேறுபடுகிறேன். "ஒன்றிரண்டு கனமான துப்பாக்கிகள்" என்று சொல்வது எளிது. அவற்றுக்கு உதிரிப்பாகம், அளவுமானி, பயிற்சி, தனித் தோட்டா விநியோகம் எல்லாம் வேண்டும். இந்தியா 2019-இல் 7.62×51 சுடும் சிக்716 துப்பாக்கிகள் 72,400 வாங்கியது, 7.62×39 சுடும் ஏகே-203 அமேதி மாவட்டத்துக் கொர்வாவில் தயாராகிறது, 5.56 சுடும் இன்சாஸும் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. பெரிய படைக்கு மூன்று தோட்டாக்களைச் சமாளிக்கும் வலிமை இருக்கலாம். நடுத்தரப் படை இரண்டாவது தோட்டாவைச் சேர்ப்பதானால், ஏற்கனவே தன் இயந்திரத் துப்பாக்கிகள் சுடும் தோட்டாவையே சேர்க்கட்டும்.

அதோடு, கட்டுரையில் சோதனைப் பகுதி எழுதும்போது ஒன்றை விட்டுவிடாதீர்கள். சோதனைக்கு வரும் துப்பாக்கிகளை நிறுவனம் தேர்ந்தெடுத்து அனுப்பக் கூடாது. தயாரிப்பு வரிசையிலிருந்து வெளிவரும் பெட்டிகளுள் எதைத் திறப்பது என்பதைப் படையின் ஆளே முடிவு செய்ய வேண்டும். முதல் தொகுதி வழங்கப்பட்ட பிறகும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சிலவற்றை எடுத்து, அதே தூசியில், அதே குளிரில், அந்த ஆண்டு கிடங்குக்கு வந்த தோட்டாவைக் கொண்டு மீண்டும் சுட்டுப் பார்க்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.