சுமைதாங்கிக் கல்லு பக்கத்து வீட்டுப் பிள்ளையா நீ?

ரெண்டு வருஷம் முன்னாடி நடந்தது இது, வீட்டுக்குள்ள மட்டும்தான் இதுவரைக்கும் பேசியிருக்கோம்.

சிவராத்திரிக்கு முந்தின நாள், மத்தியானம். சென்னையிலேருந்து ரயில்ல வந்து எறங்கி, எங்க கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்துல புதுக்கடை பஸ் புடிச்சு ஜன்னல் சீட்டுல உக்காந்தாச்சு. சிவாலய ஓட்டம் தெரியாதவங்களுக்காக சொல்றேன், முஞ்சிறை திருமலைல தொடங்கி திருநட்டாலம் வரைக்கும் 12 சிவன் கோயில், 100 கிலோமீட்டருக்கு மேல வரும், காவி வேட்டி கட்டி கைல பனையோலை விசிறி வச்சுக்கிட்டு "கோவிந்தா கோபாலா"ன்னு ராத்திரி பூரா ஓடுவாங்க. அந்த ஓட்டம் அன்னைக்கு சாயங்காலம்தான் தொடங்குது, பஸ்ல கால் வைக்க எடமில்ல.

ஒரு பாட்டி, எண்பதுக்கு மேல இருக்கும், ஒரு பெரிய கட்டு விசிறியோட ஏறினாங்க, முஞ்சிறைல விக்க கொண்டு போறாங்க. டவுன் பஸ்ல 2021லேருந்து பொம்பளைங்களுக்கு டிக்கெட்டுக்கு காசு இல்ல, ஆனா அந்த கட்டுக்கு எடம் வேணும்ல, கீழ வச்சா மிதிச்சு நாசமாக்கிருவாங்க, ஓலை ஒடிஞ்சா யாரு வாங்குவா. கண்டக்டர் "எறங்கி அடுத்த பஸ்ல வா"ன்னு பாட்டிகிட்ட சொல்லிட்டாரு. நான் எந்திரிச்சு பாட்டிய உக்கார வச்சு, கட்ட தூக்கி என் தலைக்கு மேல புடிச்சுக்கிட்டு நின்னேன். அவ்வளவுதான் நான் செஞ்சது, கை வலிச்சுது, வேற ஒண்ணும் இல்ல.

கொஞ்ச தூரம் போனதும் பாட்டி கேட்டாங்க, "மக்களே, நீ எந்த வீட்டுப் பிள்ளை?" நம்ம ஊருல இது கேக்காம யாரும் விடமாட்டாங்கல்ல. அம்மைக்க வீடு இந்த ரோட்டுலதான், சுமைதாங்கிக் கல்லு பக்கத்துலன்னு சொன்னேன்.

பாட்டி என் கைய புடிச்சுட்டாங்க. "கஞ்சித்தண்ணி வீடா? அந்த வீட்டுப் பிள்ளையா நீ?"

சுமைதாங்கி இப்ப உள்ள பிள்ளைங்க பாத்திருக்க மாட்டாங்க. ரெண்டு கல்ல நட்டு மேல ஒரு கல்ல குறுக்க வச்சிருப்பாங்க, தலை உசரத்துக்கு. தலைச்சுமையோட நடந்து வாறவங்க யாரையும் கைபிடிக்க கூப்பிடாம அப்படியே சுமைய அதுல தள்ளி எறக்கலாம், திரும்ப ஏத்தவும் ஆள் வேண்டாம். வயித்துல பிள்ளையோட செத்துப்போன பொண்ணுங்க நினைவா வைக்கிறதுன்னு எங்க ஊர்ல பெரியவங்க சொல்லுவாங்க.

பாட்டி சின்ன வயசுல பனையோலைப் பெட்டியும் கடவமும் சுமந்துட்டு தொடுவெட்டி சந்தைக்கு நடந்தே போவாங்களாம் (மார்த்தாண்டத்துக்கு பழைய பேரு அதுதான்). அந்த கல்லுல சுமைய எறக்கினதும், எங்க வீட்டுலேருந்து ஒரு அம்மை செம்புல கஞ்சித்தண்ணி கொண்டு வருவாங்களாம், கல்லுப்பு போட்டு, சில நாளு ஒரு காந்தாரி மொளகும் நசுக்கி போட்டு. யாரு என்ன சாதின்னு கேக்க மாட்டாங்களாம், அந்த காலத்துல அதுவே எவ்வளவு பெரிய காரியம்னு பாட்டி ரெண்டு தடவ சொன்னாங்க. "காதுல பாம்படம் ஆடும் மக்களே, நடந்து வந்தா சத்தம் கேக்கும். குடிச்சிட்டு போ மோளேன்னு சொல்லுவா, பேரு சொல்லி விளிக்கவே மாட்டா, எல்லாரும் அவளுக்கு மோளுதான்." (மோளுன்னா மக.)

அது எனக்க அம்மைக்க அம்மை. எங்கம்மாவுக்கு 4 வயசுலயே இறந்துட்டாங்க. ஒரு போட்டோ கூட கெடையாது. அம்மாவுக்கு அவங்க மொகம் ஞாபகம் இல்ல, குரல் ஞாபகம் இல்ல, அதுதான் அம்மாவுக்கு வாழ்நாள் பூரா ஒரு கொறை.

நான் உடனே அம்மாவுக்கு போன் போட்டு பாட்டி கைல குடுத்துட்டேன். என்ன பேசினாங்கன்னு முழுசா கேக்கல, பஸ் சத்தம். "உனக்க அம்மை உன்ன இடுப்புல வச்சிட்டுதான் தண்ணி கொண்டு வருவா, நீ எனக்க மாலைய புடிச்சி இழுப்ப"ன்னு பாட்டி சொன்னது மட்டும் கேட்டுச்சு. அந்தப் பக்கம் அம்மா சத்தமே இல்ல. முஞ்சிறைல எறங்கும்போது ஒரு விசிறிய உருவி எனக்கு தந்தாங்க, காசு நீட்டினேன், கைய தட்டிவிட்டுட்டாங்க.

*

படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல அக்கா. முன்பின் தெரியாதவங்களுக்கு செஞ்ச உதவி இப்படி திரும்பி வந்தது எனக்கும் ஒண்ணு இருக்கு, சொல்றேன், சின்னதுதான். எங்க வீடு கன்னியாகுமரி ஸ்டேஷன் பக்கம். திப்ருகார்லேருந்து விவேக் எக்ஸ்பிரஸ் வருதுல்ல, 4,000 கிலோமீட்டருக்கு மேல ஓடி வர்ற வண்டி, அதுல வந்து எறங்கின ஒரு அசாம் தாத்தாவும் பாட்டியும். டிசம்பர் கடைசி, லாட்ஜ் ஒண்ணுலயும் ரூம் இல்ல, எங்க வீட்டு திண்ணைல பாய் விரிச்சு குடுத்தோம், காலைல சூரிய உதயம் பாக்க நானே கூட்டிட்டு போனேன், பாஷை சுத்தமா தெரியாது, கை ஜாடைதான். திரும்பி வந்து சாயா குடிக்கும்போது தாத்தா எங்க செவத்து கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தாரு. அப்பாவோட அப்பா வாங்கினது, நான் பொறந்ததுலேருந்து ஓடி பாத்ததில்ல, நாகர்கோவில்ல மூணு எடத்துல காட்டி முடியாதுன்னு சொல்லிட்டாங்க. எறக்கி தரச்சொல்லி ஜாடை காட்டினாரு, பையிலேருந்து ஒரு சின்ன டப்பா, உள்ள ஊசி மாதிரி சாமான், அவரு வாட்ச் ரிப்பேர்காரராம்! மத்தியானம் வரைக்கும் தரைல உக்காந்து நோண்டினாரு. 12 மணிக்கு அது அடிச்சுது பாருங்க, அடுக்களைல இருந்த அப்பா ஓடி வந்துட்டாரு. இன்னைக்கும் ஓடுது.

*

நான் 6 வருஷமா சிவாலயம் ஓடுறவன். அந்த சுமைதாங்கி எனக்கு தெரியும்ணு நினைக்கேன், அடுத்த தடவ நின்னு பாக்கணும். அந்த பாட்டிய அப்பறம் பாத்தியளா?

*

பாத்தோம் தம்பி. அடுத்த வாரமே அம்மாவ கூட்டிட்டு போனேன், ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் பேசினாங்க. இந்த வருஷம் சிவாலய ஓட்டத்துக்கு அம்மா அந்த கல்லு பக்கத்துல பானை வச்சாங்க, கஞ்சித்தண்ணி, கல்லுப்பு, காந்தாரி மொளகு. நீங்க எந்நேரம் கடந்து போனீங்கன்னு தெரியல, ராத்திரி 9 மணிக்குள்ள மூணு பானை தீந்து நாலாவது உலை வச்சாச்சு.