ஷார்ட் கோர்ஸ் டிரக்கின் பின் ஆர்ம் உடைகிறது: ஆலோசனை தேவை

நண்பர்களுக்கு வணக்கம். 1/10 அளவிலான, பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் ரிமோட் ஷார்ட் கோர்ஸ் டிரக் (பந்தய டிரக்கின் சிறிய மாதிரி) ஒன்றை மண் தடத்தில் பந்தயத்துக்காக ஓட்டி வருகிறேன். பழைய மோட்டாரைக் கழற்றி, கூடுதல் வலுவுள்ள பிரஷ்லெஸ் மோட்டாரும் 7.4 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் பொருத்திய பிறகு, மேட்டிலிருந்து பாய்ந்து இறங்கும்போது வலப்பக்கப் பின் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை), ஹிஞ்ச் பின் (அந்தக் கை மேலும் கீழும் அசைய உதவும் கீல் கம்பி) நுழையும் துளையை ஒட்டியே இருமுறை பிளந்துவிட்டது. அலுமினிய ஆர்ம் போட்டால் அது அடியை அப்படியே ஆர்ம்கள் பொருந்தும் பல்க்ஹெட் சட்டத்துக்குக் கடத்திவிடுமோ என்று தயங்குகிறேன்; சற்றே நெகிழும் நைலான்தான் நல்லதென்பது என் எண்ணம்.

அகலமான பாடிக்குள் காற்று புகுந்து, பாய்ச்சலில் வண்டியின் மூக்கு குடைபோல் மேலெழுவது இன்னொரு தொல்லை. பாடியின் பின்பகுதியில் துளைகள் வெட்டி, விரிசல் ஓடாதிருக்க மூலைகளை ரீமர் என்ற துளை அகலப்படுத்தும் கருவியால் வட்டமாக்கினேன், ஓரளவு குறைந்தது.

அனுபவமுள்ளவர்கள் இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன். ஸ்லிப்பர் கிளட்ச் (திடீர் அழுத்தத்தில் வழுக்கி கியர்களைக் காக்கும் பாகம்) நட்டை முழுதும் இறுக்கியபின் எவ்வளவு தளர்த்துகிறீர்கள்? துள்ளலைக் குறைக்கப் பின் ஷாக்கில் (அதிர்வு தாங்கியில்) கெட்டியான எண்ணெய் ஊற்றுவது நல்லதா, அதனுள் உள்ள பிஸ்டனை மாற்றுவது நல்லதா? ஆர்ம் உடைந்த இடத்தின் படத்தை இணைத்துள்ளேன்.